ஒற்றைப் பூட்ஸ்

லைனேயின் நாயகர்கள் எல்லோரும்
எப்படியோ ஒரு காலணியைத் தொலைத்துவிடுகிறார்கள்.
எரிமலை விளிம்பில் ஒருவன்,
மூழ்கும் கப்பலில் ஒருத்தி.
ஏனென்று தாலினிலிருந்து பதிப்பாசிரியர் கேட்டிருக்கிறார்.

அந்தச் செப்டம்பரில் அவளுக்கு ஒன்பது வயது.
கிரான்பெர்ரி பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு
உர்மாஸுடன் சதுப்பில் இறங்கினாள்.
இடுப்புயரப் பைன்களுக்கு நூறு வயது என்றான் அவன்.
கட்டங்காப்பி நிறத்தில் குட்டைகள்.
நான்காவது குட்டைக்கு அப்பால்
எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு:
கொடி உண்டு, சட்டம் உண்டு,
வரி வசூலிக்க ஒரு விரியன் பாம்பும்.

பாசி திடீரென்று வாய் திறந்தது.
உர்மாஸ் இழுத்தான், இழுத்தான்.
கால் வந்தது.
பூட்ஸ் வரவில்லை.
சதுப்பு அதை விழுங்கிய சத்தத்துக்கு
இருவரும் சிரித்தார்கள்,
பிறகுதான் பயந்தார்கள்.

வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர்.
வெறுங்கால் விறைக்க விறைக்க
வழியெல்லாம் ஒரு பொய் வளர்ந்தது:
முதலில் நரி, அப்புறம் ஓநாய்க் கூட்டம்,
வேலியைத் தொட்டபோது
துப்பாக்கியோடு ஒரு கடத்தல்காரன்.

அம்மா ஒரு வார்த்தையும் நம்பவில்லை.
துண்டால் பாதத்தைத் தேய்த்தபடியே
"சரி, அப்புறம்?" என்றாள்.

சதுப்பில் எதுவும் லேசில் மக்காதாம்.
இடது கால், முப்பத்து நான்காம் எண்.
இன்னும்
இறங்கிக்கொண்டிருக்கிறது.