சாக்கைக் கழித்து

வண்ணார்பேட்டையில் பொழுது சாய்ந்தும் தார் கொதிக்கும்.
ராத்திரி பத்துக்குப் பலவேசம் காவலுக்கு உட்காரும்
ஏ.டி.எம். கூண்டுக்குள் மட்டும் மார்கழி.
பதினெட்டில் நிறுத்திவிட்டு
ரிமோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான் மெக்கானிக்.
மெஷினுக்கு வேர்க்கக் கூடாதாம்.
மனுஷனுக்கு விறைக்கலாம்.

"இந்த ஊர்ல யாரும்மா ஸ்வெட்டர் போடுதா?"
கேட்டுக்கொண்டே டவுன் தெற்கு ரத வீதியில்
செல்வஞானம் இரண்டு பந்துகளை எடுத்து வைத்தார்.
ஒன்று குண்டு, எண்பத்தைந்து ரூபாய்.
ஒன்று சோனி, நூற்றுநாற்பது.
இரண்டிலும் நூறு கிராம் என்று அச்சு.

பேட்டை ரேஷன் கடையில்
பதினோரு வருஷமாக நிறுக்கிறவள் நான்.
அச்சில் இருப்பதை அப்படியே நம்பினால்
என் கையே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

லேபிளைத் திருப்பினேன்.
குண்டு நூற்றறுபது மீட்டர்,
சோனி இருநூற்றெண்பது.
பத்து மீட்டருக்கு அது ஐந்து ரூபாய் முப்பது காசு
இது சரியாக ஐந்து.
"எதுக்கும்மா மீட்டரு? சேலையா எடுக்கிய?"
ஊசியில் ஏறுவது நீளம்தான் அண்ணாச்சி,
கிராம் ஏறாது.

"அப்போ இதப் பாருங்க, சுத்த கம்பளி"
என்று மூன்றாவதாக ஒன்று வந்தது. முந்நூற்றுப் பத்து.
விரல் நீளம் கேட்டு வாங்கி
வாசலில் நின்று தீக்குச்சி கிழித்தேன்.
முடி பொசுங்கும் நாற்றம் இல்லை.
பிளாஸ்டிக் வாளி உருகும் நாற்றம்.
நுனி கறுத்து உருண்டு
மிளகாக நின்றது.

அக்ரிலிக் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.
வாஷிங் மெஷினில் போடலாம்,
பூச்சி அரிக்காது.
அது ஆட்டின் விலை கேட்பதுதான் ஆகாது.

சோனியை எச்சில் தொட்டுக் கைக்குட்டையில் தேய்த்தேன்;
நீலம் இறங்கவில்லை.
தாடைக்குக் கீழே உரசினேன்; குத்தவில்லை.
ஓர் இழையைப் பிரித்தேன்; நாலு புரி,
முறுக்கு நெகிழாமல் நின்றது.
அப்புறம் வாய் சும்மா இருக்கவில்லை:
"ரெண்டையும் தராசுல போடுங்க."

குண்டு, நடுவில் அட்டைக் குழலோடு சேர்த்தே, எண்பத்தாறு.
சோனி தொண்ணூற்றேழு.
"மூணு கிராம் குறையுதே."

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.
"ஒங்க கடைல சீனி நிறுக்கையில
சாக்கைக் கழிச்சுத்தான் நிறுக்கியளாக்கும்?"

கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.
ஒருத்தி என் கார்டுதாரர்.
சணல் சாக்கு ஐந்நூற்றெண்பது கிராம்;
அதை யார் தலையில் கட்டுவது என்று
மாசம் ஒரு தடவை யோசிக்கிறவள் நான்.
நான் நூலைப் பார்த்தேன்.
அவர் தராசைப் பார்த்தார்.
"மூணு பந்துக்கு நானூறு குடுங்க போதும்"
என்றார், எங்கள் இருவருக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வந்துதான் லாட் நம்பரைப் பார்த்தேன்.
இரண்டு ஒன்று, மூன்றாவது வேறு.
பந்தாக இருக்கும்போது ஒரே நீலம்,
பின்னி வைத்தால் ஒரு கோடு போட்டுக் காட்டும்.
இவ்வளவு சோதித்தவளுக்கு
இந்தக் குட்டி எண் கண்ணில் படவில்லை.
பஸ்ஸுக்கு இருபது கொடுத்து மாற்றப் போவதா?
வேற்று நீலத்தை முதுகில் வைத்துப் பின்னினேன்.
அங்கே ராத்திரி முழுக்க
பிளாஸ்டிக் நாற்காலி சாய்ந்திருக்கும்,
அது யாரிடமும் சொல்லாது.

பதினாறு ராத்திரி பிடித்தது.
பலவேசம் போட்டுப் பார்த்து
"கக்கத்துல இறுக்குது" என்றார்,
கழற்றாமலே டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் கடை அடைத்தபின்
மிச்ச நூலைத் தராசில் வைத்தேன்.
பதினெட்டு கிராம்.
இருப்பு, வரவு, வழங்கல், சேதாரம்
எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் கட்டம் இருக்கிறது.
மிச்சத்துக்கு இல்லை.