துணியில் இருந்த முடிச்சு

ஷிரே ஆறு தன் கரையை மறந்த இரவில்
என் தோணியில் பதினோரு பேர்.
ஒற்றை மரத்தைக் குடைந்த தோணி,
ஆறு பேருக்கு மேல் ஏறினால் முனகும்.
அன்று முனகவில்லை.
அதற்கும் பயம்.

மாமரக் கிளையிலிருந்து எஸ்னாத்தை இறக்கினேன்.
பிள்ளையைச் சுமக்கும் துணி முதுகில் இருந்தது.
முடிச்சு அவிழவில்லை.
உள்ளே பிள்ளை இல்லை.

எழுந்து நின்று கூப்பிட்டாள்.
"உட்கார், கவிழ்ந்துவிடும்" என்றேன்.
நின்றுகொண்டே கூப்பிட்டாள்.
"தியாமிகே! தியாமிகே!"

எங்கள் பேச்சில் அதற்குத்
துதிப்போம் என்று பொருள்.
மழை பொய்த்த ஆண்டில் பிறந்தவன்.
பட்டினி கிடந்தவர்கள்
அப்படித்தான் பெயர் வைப்பார்கள்,
கடவுளுக்கே கடன் கொடுத்ததுபோல.

செத்த ஆடுகள் மிதக்கும் நடுச்சாமத்தில்,
டார்ச்சு மங்கிக்கொண்டிருக்கையில்,
ஒரு தாய் நின்று கத்துகிறாள்:
துதிப்போம், துதிப்போம்.
ஜெபமென்று நினைத்துவிட்டார்கள்.
எங்கோ ஒரு கூரையிலிருந்து ஒருவர்
"ஆமென்" என்றார்.
இன்னொரு கூரையும் சொன்னது.
பிறகு இருட்டே சொன்னது.
துடுப்பைப் போட்டுவிட்டுக்
காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது.

விடிந்ததும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டேன்.
கரும்பலகையில் வெள்ளத்துக்கு முந்தின நாளின் தேதி,
பாதி போட்ட பின்னக் கணக்கு.
காணாமல் போனவர்களை எழுத வந்த பையன்
பெயரைக் கேட்டான்.
சொன்னாள்.
பேனா நின்றுவிட்டது.
"வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு உண்டா, அம்மா?"
"இல்லை. இதையே எழுது."
எழுதினான்,
கையெழுத்து கோணிப்போனது.

அதன்பின் நான்கு நாள்
முகாமில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.
சோளக்களிக்கு முன் சொல்லும் ஜெபம்
பாதியில் விழுங்கப்பட்டது.
பெண்கள் பாட்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பாடினார்கள்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல.
அவள் கூடாரப் பக்கம் போகும்போது
சின்னப் பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டன.
அவ்வளவு சாதாரணச் சொல்.
அது இல்லாமல் நான்கு நாள் ஓட்டுவது
எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை.
நான் கோயிலுக்குப் போகிறவன் அல்ல.
வெளியே தோணியைக் கவிழ்த்துப் போட்டு
விரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன்.
போதகர் சிம்வாகா சங்கீதம் வாசித்தார்.
ஒரு வரியின் முன்னால் தயங்கினார்,
தாண்டி அடுத்த வரிக்குப் போனார்.

"ஐயா" என்றாள் பின்னாலிருந்து.
"ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.
"எஸ்னாத், அவசியமில்லை.
அவருக்குத் தெரியும்."
"அவருக்குத் தெரியும்.
எனக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது."

சொன்னாள்.
பாடவில்லை, அழவில்லை,
நிறைகுடத்தை இறக்கி வைப்பதுபோல்
மெல்ல, தளும்பாமல்.
"துதிப்போம்."
அன்று இரவு அவள் கூப்பிட்டதும்
இதே சொல்தான்.
அன்று பதில் வராத பெயர்.
இன்று யாருக்கோ அவள் தரும் பதில்.
அவள் கோபம் தீர்ந்திருக்கவில்லை.
பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்,
கை இரண்டும் முறுக்கிப் பிடித்திருந்ததாம்
அந்தத் துணியை.

எனக்கு உறுத்தியது வேறு.
துதிப்பேன் என்று சொல்லியிருந்தால்
அது அவள் பாடு.
துதிப்போம் என்கிறாள்.
தார்க் கையோடு வெளியே நிற்கும்
என்னையும் அதில் சேர்த்துவிட்டாள்,
கேட்காமலே.

மறுநாள் விடியலில் தனியே போனேன்.
எட்டு ஆடு, ஒரு சைக்கிள், சோளக் குதிர்
எனக்கும் போயிருந்தன.
அவற்றைத் தேடிப் போகவில்லை.
ஆகாயத்தாமரைக் கொத்துகளைக்
கழியால் விலக்கி விலக்கிப் பார்த்தேன்.
முதலை ஒன்று மணல்திட்டில் வாய் பிளந்து கிடந்தது.
யாரும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு
ஒருமுறை சொன்னேன்.
பையனைக் கூப்பிட்டேனா,
மற்றதைச் சொன்னேனா,
எனக்கே தெரியாது.

பூசிய தார் பிடிக்கவில்லை.
தோணிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.
இறைத்துக்கொண்டே போனேன்.