பூஜ்யம் என்றொரு பதில்

புவெர்த்தோ மோந்தில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
அன்றும் அப்படித்தான்.
ரூபிலார் நனைந்த கோட்டோடு வந்து
என் மேசைமேல் ஒரு தாளை வைத்தார்:
காஸ்த்ரோ மருத்துவமனை, வியாழக்கிழமை டயாலிசிஸ்,
ஏழு நேரங்கள். ஏழிலும் ஒரே பெயர்.
எராஸ்மோ நவெல்கின், கெவி தீவு.
"ஓர் ஆளுக்கு எத்தனை சிறுநீரகம் இருக்கும், ஒடெத்?"

அவரைக் கூப்பிட்டேன்.
பின்னால் ஒரு படகு மோட்டார், ஒரு நாய்.
"அழுத்தினேன். 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்றது.
நான்தான் ஏதோ செய்துவிட்டேனாக்கும் என்று
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி அழுத்தினேன்.
குன்றின்மேல் ஏறி அழுத்தினேன்.
தேவாலய வாசலில் கொஞ்சம் சிக்னல் உண்டு,
அங்கே போயும்."

ஏழு முறை.
ஏழும் வந்து சேர்ந்திருந்தன.
திரும்பிப் போன பதில்தான்
கடலுக்கு நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது.
கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
கல் என்னவோ அடியில் பத்திரமாக இருந்தது,
சத்தம் மட்டும்தான் மேலே வரவில்லை.

அந்த வாக்கியம் என்னுடையது.
மூன்று வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை ஐந்தரைக்கு எழுதியது.
எது பிடிபட்டாலும் ஒரே சாக்கில் போட்டேன்:
விலாசம் தெரியாத 404,
அனுமதி காலாவதியான 401,
எங்கள் சர்வர் மூச்சு வாங்கும் 503,
எண்ணே இல்லாமல் வந்து நிற்கும் பூஜ்யம்.
வாயைக் கட்டி மேலே ஒரு சீட்டு:
ஏதோ. தவறு. நேர்ந்துவிட்டது.
யாரும் செய்யாத தவறு. தானாக நேர்ந்தது,
மழை மாதிரி.

சனிக்கிழமை சாக்கை அவிழ்த்தேன்.
சில சுலபம். 401-க்கு:
"நெடுநேரம் ஆகிவிட்டது, மறுபடி உள்ளே வாருங்கள்.
நீங்கள் நிரப்பியது அப்படியே இருக்கிறது."
503-க்கு: "கோளாறு எங்களிடம். உங்கள் போனில் இல்லை."
இதை எழுதும்போது கொஞ்சம் கை கூசியது.

பூஜ்யம்தான் படுத்தியது.
உலாவியைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறது:
எடுத்துவர முடியவில்லை, அவ்வளவுதான்.
கம்பி அறுந்ததா, கோபுரம் சாய்ந்ததா,
புறப்படவே இல்லையா,
போய்ச் சேர்ந்தபின் பதில் தொலைந்ததா,
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.
பதினொரு வாக்கியம் எழுதி அழித்தேன்.
மிஞ்சியது:

*உங்கள் கோரிக்கை வந்து சேர்ந்ததா என்று
எங்களுக்குத் தெரியவில்லை.
மறுபடி அழுத்தலாம். எத்தனை முறை அழுத்தினாலும்
ஒரு நேரம்தான் பதிவாகும்.*

கடைசி வரி உண்மையாக வேண்டுமே என்று
உள்ளே இறங்கி
ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாளம் மாட்டினேன்,
ஆட்டின் காதில் வில்லை மாட்டுவதுபோல்.
வாக்கியத்துக்கு ஒரு நாள். வில்லைக்கு நான்கு.

ரூபிலாருக்குப் பிடிக்கவில்லை.
"ஒரு மருத்துவமனை 'தெரியவில்லை' என்று சொல்லலாமா?
நம்பிக்கை போய்விடாதா?"
அவருடைய தாளையே திருப்பி நீட்டினேன்.
பின்பக்கத்தில் ஆறு பெயர்கள்,
அந்த வியாழக்கிழமை இடமில்லை என்று கேட்டவர்கள்.
நான்காவது, எல்விரா பராந்தெஸ்,
லெமுயிலிருந்து படகும் பஸ்ஸும் மாறி
நேரிலேயே வந்து நின்றவர்.
இரண்டு தடவை படித்தார்.
"அந்த 'எங்களுக்கு' மட்டுமாவது வேண்டாமே" என்றார்.
எடுக்கவில்லை.

ஜூனில் ஒரு புயல் இரவு.
தூக்கம் வராமல் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.
கெவி. 9:14-க்கு ஓர் அழுத்தல். பதில் போய்ச் சேரவில்லை.
9:15, ஒன்றுமில்லை.
9:20, ஒன்றுமில்லை.
9:52-க்கு இன்னொன்று, காதில் அதே வில்லையோடு.
ஒரு பெயர், ஒரு நேரம்.

நடுவில் முப்பத்தெட்டு நிமிடம்.
படித்துவிட்டு நம்பினாரா,
அடுப்பில் விறகு தள்ளப் போனாரா,
போனில் சார்ஜ்தான் தீர்ந்துபோயிற்றா,
எனக்குத் தெரியவில்லை.