ஆயிரத்து நாற்பது

புதுவயல். ரைஸ்மில்லுக்குப் பின்தெரு, மாடிக் குடித்தனம்.
ஃபில்டர் விற்க வந்தவன்
குழாய்த் தண்ணீர் டம்ளரில்
மீட்டரை விட்டுப் பார்த்தான்.
ஆயிரத்து நாற்பது என்றான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்த முகத்தோடு.

எனக்குத் தெரியாததா?
குளியலறைக் கண்ணாடியில்
தேமல் விழுந்த முகத்துக்குத்தான்
ஏழு மாதமாய்ப் பொட்டு வைக்கிறேன்.
ஹீட்டர் கம்பிக்குச் சுண்ணாம்புச் சட்டை.
சோப்பு தேய்கிறது,
நுரைக்கத்தான் மனசில்லை.
துவரம்பருப்போ
ஆறு விசிலுக்கும் அசைவதில்லை.

"பதினாலாயிரம்தான், தவணையும் உண்டு மேடம்."

தம்பி, இந்தத் தண்ணியில
யார் பருப்பும் வேகாது.

சிரித்துவிட்டான்.
மீட்டரைத் துடைத்துப் பையில் போட்டான்.
வெயிலில் வந்தவன்,
அதே டம்ளரை எடுத்து
அண்ணாந்து
மிச்சமில்லாமல் குடித்தான்.

"எங்க வீட்ல ஆயிரத்து இருநூறுக்கா."