அடுத்த புதன்கிழமை

டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல்மாடி.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
லாரி திரும்பும்போதெல்லாம் ஜன்னல் நடுங்கும்.
தரையில் விரித்திருப்பது
ராணிப்பேட்டைக் கம்பெனி கழித்துப்போட்ட
ஷூ சோல் ஷீட்.
காலுக்கடியில் போயிருக்க வேண்டியதன்மேல்
முதுகை வைக்கிறோம்
புதனும் சனியும்.

பழைய நோட்டில் பதினான்கு பெயர்.
அப்போது எனக்கு இருபத்தாறு.
கழுத்தில் மாநில வெண்கலம், வாயில் விசில்.
முதல் வாரமே ஜோடி சேர்த்துத்
தூக்கி வீசச் சொன்னேன்.
வலித்தால்தான் வரும் என்றேன்.
வந்தது.
தணிகாசலத்துக்குத் தோள்பட்டை.
பேங்க் கேஷியர் பியூலாவுக்குச் சுண்டுவிரல்,
மூன்று வாரம் இடக்கையால் நோட்டு எண்ணினாராம்.
ஃபர்சானாவுக்கு ஒன்றும் ஆகவில்லை,
பியூலாவின் விரல் போட்ட சத்தத்தைக்
கேட்டதோடு சரி.
ஆடி முடிவதற்குள் மூன்று பேர் மிச்சம்.
தாக்குப்பிடிக்காதவர்கள் என்று
சொல்லிக்கொண்டு தூங்கினேன், நன்றாகவே.

பாகாயம் பஸ்ஸில் ஒருநாள் தணிகாசலம்.
கம்பியை இடக்கையால் பிடித்திருந்தார்.
டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க
வலக்கை இடுப்புவரை வந்தது,
அதற்குமேல் வரவில்லை.
என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்தார்.
"நீங்க இன்னா மேடம் பண்ணுவீங்க,
நமக்கு வயசாயிடிச்சி."
முப்பத்தொன்பது வயது அவருக்கு.
அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.
க்ரீன் சர்க்கிளில் இறங்க வேண்டியவள்
பழைய பஸ் ஸ்டாண்டு வரை போனேன்.

புது நோட்டு வாங்கினேன்.
இப்போது முதல் ஆறு வாரம்
யாரும் யாரையும் தூக்குவதில்லை.
உட்கார்ந்த இடத்திலிருந்து விழுகிறோம்,
பிறகு குந்திய இடத்திலிருந்து,
மோவாயை நெஞ்சில் ஒட்டி,
தரையைக் கையால் அறைந்து.
லாரி புக்கிங் ஆபீஸ் முனிரத்தினம் கேட்டார்:
"விழறதுக்கா மேடம் மாசம் அறுநூறு?
ஓசியிலயே விழுவேனே."
எல்லோரும் சிரித்தோம். விழுந்தோம்.

காலேஜ் பையன்களை இவர்களோடு ஜோடி சேர்ப்பதில்லை.
சுளுக்கிக்கொண்டால் அவர்களுக்கு ஒருநாள் கிளாஸ் போகும்.
இவர்களின் உடம்பு
ஏற்கெனவே அடகில் இருக்கிறது,
வீட்டுக் கடனுக்கு, மகளின் டியூஷனுக்கு,
நாளைக் காலை ஆறுமணி ஷிப்டுக்கு.
அதில் நான் கொஞ்சம்
இரவல் வாங்குகிறேன்.
கீறாமல் திருப்பித் தர வேண்டும்.

போன சனிக்கிழமை, அக்னி நட்சத்திரம்,
ஷீட் முழங்காலில் பசையாய் ஒட்டியது.
கைப்பூட்டு முதல் பாடம்.
பூட்டுமுன்பே தட்டிப் பழகச் சொன்னேன்,
தரையில், எதிராளியின் தொடையில்,
கை சிக்கினால் வாயால்.
நூறு தடவை. வெட்கம் தேயும்வரை.
முனிரத்தினத்துக்குத் தேயவில்லை.
பூட்டியது குணவதி,
குடியாத்தத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ்,
அவர் எடையில் பாதி.
அவர் தட்டவில்லை.
கழுத்து நரம்பு புடைத்தது, பல் கடித்தார்.
நான் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள்
குணவதி விட்டுவிட்டாள்.
"விரல் நெறம் மாறுச்சி மேடம்.
வார்டுல பாத்துகினேதான இருக்கேன்."

"நான் கேக்கவே இல்லியே, ஏன் வுட்டே?" என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
ஓரமாய்ப் போய் உட்கார்ந்தார்.
பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.
கிளம்பும்போது
பனியனைத் தலைவழியே மாட்டினார்,
இரண்டு கையும் முழுசாய் உயர.
அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்,
வெண்கலம் வாங்கிய அன்றுகூட
அப்படி எதையும் பார்த்ததில்லை.

இன்று புதன். ஆறு பத்து.
குணவதி வந்துவிட்டாள், கைக்கு டேப் சுற்றுகிறாள்.
ஜன்னல் நடுங்குகிறது.
படியில் ஏதோ சத்தம்,
லாரியா ஆளா தெரியவில்லை.
நோட்டு திறந்திருக்கிறது
முனிரத்தினம் என்ற பெயருக்கு நேரே.
பேனாவை இன்னும் திறக்கவில்லை.