மூன்றாம் அறிவிப்பு

வங்கியில் என் வேலை கடிதம் அனுப்புவது.
முதல் அறிவிப்பு வெள்ளைத் தாளில்.
இரண்டாவதும் வெள்ளைதான், எழுத்து மட்டும் தடிப்பு.
மூன்றாவதில் சிவப்புக் கோடு,
கோட்டுக்குக் கீழே என் கையெழுத்து:
டாங்குவோலெ, கடன் பிரிவு.
பதினெட்டு வருஷமாய்
தபால்தலை ஒட்டியதும் என் பொறுப்பு முடிந்தது.

பெப்ரவரியில் நகராட்சி கூப்பிட்டது.
நூலக மாடியில், குழந்தைகளின் நாற்காலிகளில்
முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தோம்:
மருந்துக்கடை அல்தோனா,
சாணம் காயாத பூட்ஸோடு மாட்டு வைத்தியர் ஜிக்மாஸ்,
பால் வண்டி ஓட்டும் விட்மன்தாஸ்,
காவல் நிலையத்திலிருந்து பெயர் சொல்லாத ஒரு பையன்.
வில்னியஸிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஔஷ்ரினெ
பலகையில் ஓர் எண்ணை எழுதினார்.
இந்த வட்டாரத்தில், ஒரே வருஷத்தில், என்றார்.
யாரும் அதை உரக்கப் படிக்கவில்லை.
அதில் நான்கு பேருக்கு
நான் கடிதம் அனுப்பியிருந்தேன்.

"நாங்கள் டாக்டர்கள் இல்லையே" என்றார் ஜிக்மாஸ்.
"மாட்டுக்கு என்றால் நள்ளிரவிலும் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.
தனக்கு என்றால் யாரையும் கூப்பிடுவதில்லை.
அதனால் நீங்களே கேளுங்கள், சுற்றி வளைக்காமல்.
சாக நினைக்கிறாயா என்று கேட்பதால்
அந்த நினைப்பு புதிதாய் முளைத்துவிடாது.
கேட்டபின் ஓடிவிடாதீர்கள்.
எனக்கு போன் செய்யுங்கள்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
அந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பழகினோம்.
காவல்காரப் பையன் மூன்று முறை தொடங்கி
மூன்று முறையும் இருமினான்.
என் முறை வந்தபோது
"மேற்படி விஷயமாகத் தங்களுக்கு ஏதேனும்" என்று வந்தது வாயில்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
பிறகு சரியாகச் சொன்னேன்.

அப்புறம் எட்டு மாதம் சண்டை.
யார் ரகசியத்தை யாரிடம் சொல்லலாம்,
பெட்ரோல் காசு எந்தத் துறைக் கணக்கில்,
காப்பி ஏன் இவ்வளவு கேவலம்.
ஒப்பந்தத்தில் கையெழுத்திட
மருத்துவமனைக்கு ஒரு முழுக் கோடை தேவைப்பட்டது.
நான் மாற்றி எழுதிய கடிதத்தை
மேலாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்.
"எப்படி இருக்கிறீர்கள்" என்பது
நிதி சார்ந்த வாக்கியம் இல்லையாம்.

இதற்கிடையே செப்டம்பரில் ஒருவரை இழந்தோம்.
அவருக்கு மாடு இல்லை, கடன் இல்லை, மருந்துச் சீட்டு இல்லை.
எங்கள் யார் வாசலையும் அவர் மிதித்ததே இல்லை.
அந்த மாதக் கூட்டத்துக்கு
அல்தோனா கேக் சுட்டு வந்து
வெட்டாமலே திரும்ப எடுத்துப் போனாள்.

நவம்பர். சாலை முனையில்
பிரானாஸின் பால் கேன் இல்லை.
முன்பென்றால் ஹாரன் அடித்துவிட்டுப் போயிருப்பான் விட்மன்தாஸ்.
இஞ்சினை நிறுத்தினான்.
தொழுவத்தில் மடி கனத்து மாடுகள் கதறின.
வைத்தியர் வந்தபோது சமையலறையில் விளக்கில்லை,
மேசைமேல் சிவப்புக் கோடு போட்ட தாள்.
பழைய தாள். என் கையெழுத்து.
(அது மட்டும் காரணமில்லை என்கிறார் ஔஷ்ரினெ.
நம்பப் பழகிக்கொண்டிருக்கிறேன்.)

"பிரானாஸ், சாக நினைக்கிறாயா?"

கன்று குறுக்கே சிக்கியபோதுகூட
என் கை இப்படி நடுங்கியதில்லை என்றார் ஜிக்மாஸ், பிறகு.
நெடுநேரம் கழித்து, ஆமாம்.
அதற்கும் பிறகு,
மாடுகளைக் கறக்கணும்.

கறந்தார்கள், இருவரும்,
அவரை நடுவில் ஒரு வாளிமேல் உட்கார வைத்து.
எண்பது கிலோமீட்டர் பனியில்
ஔஷ்ரினெயின் கார் வந்து சேரும்வரை
தனியே விடவில்லை. அதிகம் பேசவுமில்லை.

மறுநாள் மேலாளரின் கதவை நான் தட்டவில்லை,
திறந்தேன்.

மார்ச்சில் பிரானாஸ் வந்தார்,
புதிய தவணைத் தாளில் கையெழுத்துப் போட.
"டாங்குவோலெ நீங்கள்தானா?"
ஆம் என்றேன்.
"கையெழுத்து நன்றாக இருக்கும்" என்றார்.
கவுன்டரின் என் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு
எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.
மருத்துவரைப் பார்க்கும் நாளைச் சொன்னார்:
"வியாழக்கிழமை பரவாயில்லை.
மற்ற நாட்கள் இன்னும் வரிசையில் நிற்கின்றன."