எத்தனை அடி

சூலூர்பேட்டையில் புது ஆஸ்பத்திரி, மூன்று மாடி.
மொட்டைமாடித் தளத்தில் சிவப்பாய் ஒரு பிளஸ் கேட்டார்கள்.
"பைனுஞ்சி சூஸ்தே கனபடாலி" என்றார் மேஸ்திரி பெஞ்சலய்யா.
மேலிருந்து பார்த்தால் தெரியவேண்டுமாம்.
எத்தனை அடி என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
எனக்குத் தெரியும் எத்தனை அடி என்று.

தகரக் கூரைக்குப் பதினாறு.
பெயின்ற் கிடைக்காத கிழமை
சுகிர்தமலர் மிஸ் தன் கூறைச்சேலையைத் தந்தா.
நீளவாக்கில் கிழித்து, மூலைக்கொரு கல் வைத்து
கூரைமேல் கூறை விரித்தோம்.
டாக்குத்தர் கீழே நின்று
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இழு, இழு என்றார்
கலியாணப் பந்தலுக்கு ஆள் ஏவுகிறவர் போல.

எண்களும் கொடுத்தோம்.
பாகை, கலை, விகலை.
செய்மதித் தொலைபேசியில் ஒவ்வொன்றாய் வாசித்து
மறுமுனையைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டு
சரி என்று வைத்தோம்.
விடிய நாலரைக்கு வந்தது,
விகலை பிசகாமல்.

இரண்டாம் வார்ட்டில் முப்பத்தொரு கட்டில்.
அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லமாட்டேன்.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறினோம்.
வாளியோடு ஏணியில் கால்வைத்தேன்.
முழங்காலுக்குக் கீழே இல்லாத மீன்வாடிக்காரர்
என் சாரத்தைப் பிடித்துக்கொண்டார்.
"தம்பி, கீறாதை.
ஆஸ்பத்திரி எண்டு தெரிஞ்சால் அடிப்பாங்கள்."
கத்திக்கொண்டு கிடந்தவர்களும்
கத்தலை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்
கீறாதை, கீறாதை.
காயக்காரனைத் தொடக்கூடாது என்று
நாடுகளெல்லாம் ஒப்பம் வைத்த கடதாசி ஒன்று இருக்கிறதாம்.
டாக்குத்தர்தான் சொன்னவர்.
அந்தக் கடதாசி எங்களைக் கண்டுபிடித்துவிடாதபடிக்கு
நாங்கள் ஒளித்திருந்தோம்.
ஏணியால் இறங்கினேன்.
சிவப்பு வாளிக்குள்ளேயே இறுகிற்று.

இங்கே மஸ்தான் நூல் பிடிக்க
சோக்கால் கோடு போட்டேன்.
பதினாறுக்குப் பதினாறு.
மூன்று கை காய்ந்துவிட்டது, கிழக்குக் கை ஈரம்.

ஐந்தேகாலுக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்.
கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி
ஊரே மாடிகளில் நின்றது.
பெஞ்சலய்யாவின் மகள் பார்ப்பதற்கென்றே
பள்ளிச் சீருடையோடு வந்திருந்தாள்.
முதலில் வெளிச்சம். அது பரவாயில்லை.
பிறகுதான் சத்தம்,
ஏரியைத் தாண்டி, பூநாரைகளைக் கிளப்பி,
ஜன்னல் கண்ணாடியை உலுப்பி, அடிவயிற்றுக்குள்.

குப்புறக் கிடந்தேன்.
காதைப் பொத்தி, வாயைத் திறந்து,
நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கை ஊன்றி.
யாரும் சொல்லாமல்
உடம்பு எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தது.

கைதட்டல் கேட்டு எழும்பினேன்.
ஈரக் கையில் ஓர் ஆளின் அச்சு.
தலை, இரண்டு முழங்கை, அகட்டிய கால்கள்,
ஒட்டிக்கொண்ட ஒற்றைச் செருப்பு.
மஸ்தான் சிரித்தான். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.
பெயின்ட் காசைக் கூலியில் பிடிப்பார் என்று பார்த்தேன்.
பெஞ்சலய்யா செருப்பைப் பிய்த்து என் கையில் தந்தார்.
"ரேப்பு செகண்ட் கோட்டு" என்றார். நாளைக்கு.

மேலே போனது பூமியைப் படமெடுக்கிற செய்மதியாம்.
இரண்டாம் பூச்சுக்கு முன்னால்
அது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால்
பிளஸ்ஸுக்குள் ஓர் ஆள் கிடப்பது தெரியும்.
பார்த்தபிறகு என்ன செய்யும் என்பதைச்
செய்மதியிடம் கேட்டுப் பயனில்லை.

மெமு ரயில். தடா, ஆரம்பாக்கம், எளாவூர்.
கும்மிடிப்பூண்டி முகாம் வாசலில் தலை எண்ணும் நாள்.
"என்னய்யா, சட்டையெல்லாம் ரத்தம்?"
"பெயின்ட் சார்."
பேரேட்டில் என் பெயருக்கு நேரே ஒப்பமிட்டேன்.
பெருவிரல் சிவப்பும் கூடவே விழுந்தது.
நாளைக்கும் வரப் பிந்தும் என்றேன்.
எங்கே?
ஆந்திரா, ஆஸ்பத்திரிக்கு.
அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
யாருக்கு என்ன?

ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை ஐயா.
கூரைக்கு.